இரண்டு அங்குலம் இடப்பக்கம்

உருட்டுமட்டை அங்கீகார நிறுவனத்தைக் குறைத்துப் பேசும் எண்ணம் சிறிதும் இல்லை என்பதை முதலிலேயே பணிவுடன் தெரிவித்துவிடுவது நல்லது. அங்கே நாற்காலிகள் சுத்தமாக இருந்தன. குடிநீர் கிடைத்தது. கடைசல்காரர் காத்திருந்த பதினொரு நாள்களில் ஒருமுறைகூட மின்விசிறி நின்றதில்லை. இவ்வளவு வசதிகளுக்கு நடுவில் ஒருவர் குழம்பினார் என்றால், அதில் அவருடைய பங்கும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.

கடைசல்காரர் ஒற்றை அறைப் பட்டறையில் இரும்பையும் பித்தளையையும் கடைந்து, பம்புகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்பவர். உருட்டுமட்டையால் பந்தைக் குழியில் தள்ளும் கோல்ஃப் ஆட்டத்தை அவர் வேலிக்கு வெளியே நின்றுகூடப் பார்த்ததில்லை. அவரை அந்த நிறுவனத்தின் படியேற வைத்தவர் அவருடைய அக்கா.

அக்கா கோல்ஃப் கிளப்பில் புல்தரைக் காப்பாளர். நாள்தோறும் விடியும் வேளையில் புல்லை வெட்டி, பழைய குழியை மூடி, வேறோர் இடத்தில் புதுக் குழி தோண்டுவது அவருடைய வேலை. குழியைச் சுற்றியுள்ள தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார்கள் வைத்திருப்பது போன்ற ஒரு டியூப் லெவல் அவரிடம் இருந்தது. கண்ணாடிபோன்ற நீண்ட குழாயில் தண்ணீரை நிரப்பி, இரு முனைகளையும் தூக்கிப் பிடிக்க வேண்டும். இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றால் தரை மட்டம். இருபத்திரண்டு ஆண்டுகளாக இதைத் தோளில் சுற்றிக்கொண்டு நடந்ததால் கிளப்பில் அவருக்கு ‘டியூப் அம்மா’ என்று பெயர்.

தொல்லை என்னவென்றால், கிளப் உறுப்பினர்கள் குழியை நோக்கி உருட்டிய பந்துகள் எல்லாம் இரண்டு அங்குலம் இடப்பக்கமாகவே போயின. தரைதான் சாய்ந்திருக்கிறது என்று அவர்கள் செயலாளரிடம் முறையிட்டார்கள். இடப்பக்கம் மணல் கொட்டி உயர்த்துமாறு செயலாளர் ஆணையிட்டார். அக்கா, தண்ணீர் சொல்வதைக் கேட்டுப் பழகியவர், மறுத்துவிட்டார். ஒரு நோட்டீஸ் வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதில், பதினைந்தாம் நாள் வியாழக்கிழமை நண்பகலில் புல்தரையிலேயே விசாரணை நடக்கும், சாய்வு உறுதியானால் அன்றே வேலையும் கிளப் வளாகத்து வீடும் போகும் என்று எழுதியிருந்தது.

அக்கா நோட்டீசை எடுத்துக்கொண்டு நேராகத் தம்பியின் பட்டறைக்கு வந்தார்.

“தரை நேரா இருக்குடா. அப்ப கோணல் அவங்க மட்டையிலதான் இருக்கணும். ஆனா அதை நான் தொடக்கூடாதாம். வேலைக்காரங்க கை பட்டா மட்டைக்கு ராசி போயிடுமாம்.”

“வேற மட்டையில உருட்டிப் பாக்கலாம்னு கேக்கறதுதானே?”

“கேட்டேனே. செயலாளர் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டார். எந்த மட்டையா இருந்தாலும் சரி, அங்கீகாரம் வாங்கின மட்டையா இருக்கணுமாம். நீ ஒண்ணு செஞ்சு குடு. நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கணும்.”

“நான் பம்புக்குச் சாமான் செய்யறவன்கா.”

“பம்பு மட்டும் கோணலா இருந்தா ஓடுமா? செய்யிடா.”

கடைசல்காரர் நான்கு நாள் உழைத்தார். உருட்டுமட்டைகளில் கத்திபோல் மெல்லிய தலை கொண்டவை ஒரு வகை, இஸ்திரிப் பெட்டிபோல் பருத்த தலை கொண்டவை இன்னொரு வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். அக்காவுக்கு மெல்லியது கையில் ஆடியது. பருத்தது மணிக்கட்டை இழுத்தது. எனவே இரண்டுக்கும் இடைப்பட்ட தலையாகக் கடைந்தார். பந்தில் படும் முகத்தை எண்ணெய்க் கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினார். மேலே குறி பார்க்க ஒரு வெள்ளைக் கோடு வெட்டினார். பட்டறையின் சிமென்டுத் தரையில் உருட்டினார்கள். தரையில் கிழித்திருந்த கோட்டின்மேலேயே பந்து போயிற்று. அக்கா தம்பியின் தோளில் ஓர் அடி கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் பாராட்டு என்பது அதுதான்.

மறுநாளே அவர் நிறுவனத்தின் பதிவுப் பிரிவில் நின்றார். எழுத்தர் விண்ணப்பத்தை எடுத்தார்.

“தலை மெலிசா, பருமனா?”

“ரெண்டுக்கும் நடுவுலங்க.”

“நடுவுல கட்டம் இல்லையே.”

“பொருள் அப்படித்தாங்க இருக்கு.”

“பொருள் எப்படி வேணா இருக்கும் சார். கட்டம் ரெண்டுதான் இருக்கு.” எழுத்தர் கெட்டவர் அல்லர், உண்மையாகவே வருந்தினார். “ஒண்ணு பண்ணலாம். ரெண்டு கட்டத்துக்கும் நடுவுல இருக்கற கோட்டு மேல டிக் போடறேன். கோட்டு மேல டிக் போட கண்காணிப்பாளர் கையெழுத்து வேணும். அவர் ரெண்டு நாள்ல வந்துடுவார்.”

அவர் மூன்று நாளில் வந்தார். கோட்டின்மேல் டிக் விழுந்தது. எழுத்தர் மெழுகுவத்தியை ஏற்றினார். சிவப்பு அரக்கை உருக்கினார். மட்டையின் முகத்தில், நடுவிலிருந்து ஒரு நூல் அளவு நுனிப்பக்கம் தள்ளி, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு முத்திரை பதித்தார்.

கடைசல்காரர் மேசைமேல் குனிந்தார். “சார், அது பந்து படற இடம்ங்க.”

“அதான் அங்க வெச்சேன். ஓரமா வெச்சா சுரண்டி எடுத்துட்டு வேற மட்டையில ஒட்டிடறாங்க. இங்க இருந்தா யாருக்கும் கை வராது பாருங்க.”

“சோதனை முடிஞ்சதும் எடுத்துடுவீங்களா?”

எழுத்தர் அவரைப் பரிவோடு பார்த்தார். “முத்திரைதான் சார் அங்கீகாரம். அதை எடுத்துட்டா அப்புறம் உங்ககிட்ட இருக்கறது வெறும் மட்டை.”

முதல் சோதனை தோற்றப் பிரிவில். மட்டையை நீல வெல்வெட்டு விரித்த மேசைமேல் வைத்து, மூன்று அலுவலர்கள் மூன்று பக்கமும் நின்று பார்த்தார்கள். முற்பகல் முழுவதும் பார்த்தார்கள். உணவுக்குப் பின் இடம் மாறி நின்று பார்த்தார்கள். மாலையில் பிரிவுத் தலைவர் கடைசல்காரரை அழைத்தார்.

“வேலைப்பாடு நல்லா இருக்கு. ஆனா இந்த வெள்ளைக் கோடு…”

“நேராத்தாங்க இருக்கு. அளந்து பாக்கலாம்.”

“அதான் சங்கடம். ரொம்ப நேரா இருக்கு. ஆடறவருக்கு ‘நீ கோணலா நிக்கறே’ன்னு சொல்லிக் காட்டற மாதிரி இருக்கு. பெரிய மனுஷங்க பயன்படுத்தற பொருள் இல்லையா?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் இருபத்தாறு வருஷமா மட்டைகளைப் பாக்கறேன். ஒரு தடவைகூட ஆடினதில்லை. ஆடினா பார்வையில பாரபட்சம் வந்துடும். எது நல்லா அடிக்குதோ அது அழகாத் தெரிய ஆரம்பிச்சுடும். அந்தத் தப்பை நாங்க செய்யறதில்ல.”

கோட்டுக்கு இரண்டு மதிப்பெண் குறைந்தது. முத்திரை எடுப்பாக இருந்ததற்காக நான்கு கூடியது. மட்டை தேறிவிட்டது.

இரண்டாவது உணர்வுப் பிரிவு. மட்டை பந்தில் படும்போது கைக்கு எப்படி இருக்கிறது என்பதைக் கண்டறிவது அதன் கடமை. பிரிவுத் தலைவி அன்பானவர். கடைசல்காரரை உட்காரச் சொல்லித் தேநீர் வரவழைத்தார். மட்டையை மட்டும் தொடவில்லை.

“ஒவ்வொருத்தர் தொடும்போதும் அதோட உணர்வு கொஞ்சம் செலவாயிடும். அதனால நாங்க ஃபைலைத்தான் சுத்துக்கு விடுவோம்.”

“அப்ப யாருங்க அடிச்சுப் பாப்பாங்க?”

“நம்ம கடைநிலை ஊழியர்தான். அண்ணே, அடிங்க.”

வாசலில் நின்றிருந்த ஊழியர் வந்து, மட்டையைப் பிடித்து, பந்தை ஒரு தட்டுத் தட்டினார். அவருடைய முகம் மலர்ந்தது. “அருமையா இருக்குதும்மா. பூ மாதிரி…”

“போதும், போதும்.” தலைவி கையை உயர்த்தினார். கடைசல்காரர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நினைக்காதீங்க. அவர் கிரேடுக்கு உணர்ச்சியை ஃபைல்ல ஏத்த முடியாது. மேற்பார்வையாளருக்கு மேல உள்ளவங்க உணர்ந்தாத்தான் செல்லும்.”

“நான் சொல்லலாமா? கைக்கு இதமா இருக்குங்க.”

“நீங்க செஞ்சவர். உங்களுக்கு இருக்கறது பாசம், அதை உணர்வுன்னு எழுத முடியாது. அதோட ‘இதம்’கிற சொல்லைப் போன வருஷமே பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. ‘மென்மை’யும் போயிடுச்சு. இப்ப மிச்சம் இருக்கறது ‘திருப்திகரம்’ மட்டும்தான்.”

உணர்வதற்குத் தகுதியுள்ள அதிகாரி விடுப்பில் மாமியார் வீட்டில் இருந்தார். தலைவி தொலைபேசியில் அழைத்து, ஊழியரிடம் நீட்டினார். ஊழியர் மட்டையால் பந்தை ஒருமுறை தட்டிக் காண்பித்தார். மறுமுனையில் குழந்தைகளின் கூச்சல் கேட்டது.

“இன்னொரு தரம் தட்டுங்க.” தட்டினார். “ம். திருப்திகரம்.”

மட்டை இதிலும் தேறிவிட்டது. படியிறங்கும்போது ஊழியர் கடைசல்காரரின் காதருகே குனிந்தார்.

“நெசமாவே நல்லா இருந்துச்சுங்க. நான் சொன்னேன்னு வெளியில சொல்லிடாதீங்க.”

மூன்றாவது செயல்திறன் பிரிவு, நிறுவனத்தின் பெருமை. நீண்ட கூடம், பச்சை விரிப்பு, மட்டையைப் பிடித்து ஒரே சீராக வீசும் இயந்திரக் கை, எதிரே வெள்ளைச் சுவர், சுவரில் ஒரு கறுப்புக் கோடு. குழியைத்தான் காணவில்லை.

“குழி எங்க துறைக்கு வராது சார்” என்றார் பொறியாளர். இளைஞர், சுறுசுறுப்பானவர். “பந்து குழியில விழுறது குழியோட செயல்திறன். நாங்க மட்டையைத்தான் பாக்கறோம்.”

இயந்திரக் கை வீசியது. பந்து முத்திரையின் விளிம்பில் பட்டு விலகி, இடப்பக்கமாக ஓடிக் கறுப்புக் கோட்டில் மோதியது. பொறியாளர் ‘மிக நேர்’ என்று எழுதினார்.

கடைசல்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். பிறகு தொழில்காரருக்கே உரிய பழக்கத்தில், விரலை விரித்துச் சுவரை ஓரத்துக்கு ஓரம் அளந்தார்.

“சார், இந்தக் கோடு நடுவுல இல்லையே. ரெண்டு அங்குலம் இடது பக்கமா இருக்கே.”

“பரவாயில்லையே, கண்டுபிடிச்சுட்டீங்க!” பொறியாளர் மகிழ்ந்தார். “முதல்ல நடுவுலதான் இருந்துச்சு. வர்ற மட்டை எல்லாம் ரெண்டு அங்குலம் இடது பக்கமே அடிச்சுது. யோசிச்சுப் பாருங்க. ஒண்ணு, ஊர்ல உள்ள மட்டை அத்தனையும் தப்பா இருக்கணும். இல்ல, எங்க கோடு ஒண்ணு தப்பா இருக்கணும். எது நடக்கக்கூடியது? அதான் கோட்டை நகர்த்திட்டோம். அதுக்கப்புறம் ஒரு மட்டைகூடத் தோத்ததில்ல. நாட்டிலேயே நூத்துக்கு நூறு தேர்ச்சி எங்க பிரிவுதான்.”

“முத்திரையை எடுத்துட்டு ஒரே ஒரு தரம் அடிச்சுப் பாக்கலாமாங்க?”

பொறியாளர் பேனாவை மூடினார். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். “கையால எடுத்தா அங்கீகாரம் ரத்து சார். விதிப் புத்தகத்துல இருக்கு. வீட்டுக்குக் கொண்டு போய்ப் படிங்க, இலவசம்தான்.”

புதன்கிழமை மாலை, சான்றிதழும் மட்டையும் விதிப் புத்தகமுமாகக் கடைசல்காரர் பேருந்தில் ஏறினார். மறுநாள் நண்பகலில் விசாரணை. அக்காவைக் காப்பாற்றச் செய்த மட்டை, இப்போது அக்காவுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது. அதுவும் அரசாங்க முத்திரைபோல் ஒன்றை முகத்தில் ஒட்டிக்கொண்டு. கூட்டத்தில் நின்றபடியே அவர் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

அக்கா வீட்டு வாசலில் உருட்டிப் பார்த்தார். இரண்டு அங்குலம் இடப்பக்கம்.

“என்னடா இது? போகும்போது நல்லாத்தானே போச்சு! படிக்கப் போட்ட இடத்துல கெட்டுப் போன பிள்ளை மாதிரி வந்திருக்கு.”

கடைசல்காரர் முத்திரையைக் காண்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அக்கா மட்டையைத் திருப்பி அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தார்.

“அப்ப அவங்க எல்லார் மட்டையிலயும் இது இருக்குமா?”

“எல்லாத்துலயும் இருக்கும்கா.”

“இத்தனை வருஷமா இந்தப் பொத்தானுக்காகவா என்னை மணல் கொட்டச் சொன்னாங்க?” அவர் நகத்தை முத்திரையின் ஓரத்தில் வைத்தார்.

“அக்கா! கையால எடுத்தா ரத்து!”

“வேற எதால எடுக்கலாமாம்?”

கடைசல்காரர் பேருந்துச் சீட்டு செருகியிருந்த பக்கத்தைத் திறந்து படித்தார். “‘மழை, வெயில், நிலநடுக்கம் முதலான இயற்கைக் காரணங்களால் முத்திரை தானாக நீங்கினால், அச்செய்தியை முப்பது நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். அவ்வாறு தெரிவிப்பின் அங்கீகாரம் தொடர்ந்து செல்லுபடியாகும்.’”

அக்கா நகத்தை எடுத்துக்கொண்டார். “நிலநடுக்கத்துக்கு நாம எங்க போறது? வெயிலு நம்ம கிளப்புல நிறைய இருக்கு.”

வியாழக்கிழமை நண்பகல். செயலாளர் இரண்டு உறுப்பினர்களுடன் புல்தரைக்கு வந்தார். முதலில் தம் சொந்த மட்டையால் ஒரு பந்தை உருட்டினார். அது குழிக்கு இடப்பக்கமாகப் போய் நின்றது.

“பாத்தீங்களாம்மா? எனக்கு உங்க மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல. முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். பந்து போகக்கூடாத இடத்துக்குப் போனா அதுக்குக் காரணம் தரைதான். ஆடறவன் காரணமா இருக்க முடியாது, ஏன்னா அவன் உறுப்பினர். மட்டை காரணமா இருக்க முடியாது, ஏன்னா அது அங்கீகாரம் வாங்கினது. மிச்சம் யாரு? நீங்களே சொல்லுங்க.”

“சரிங்க சார். தம்பி மட்டையையும் ஒரு தரம் பாத்துடுங்க. அதுக்கு முன்னாடி நீங்க சாப்பிட்டு வந்துடுங்க. மணி ஆச்சு. பசியில பாத்தா எல்லாமே சாய்ஞ்ச மாதிரித்தான் தெரியும்.”

இந்தக் கருத்தில் நியாயம் இருப்பதாக மூவருக்கும் பட்டது. புல்தரையோரம் ஒரு கருங்கல் பெஞ்சு இருந்தது. கடைசல்காரரின் மட்டை ஏற்கெனவே அதன்மேல் கிடந்தது. தலை விளிம்புக்கு வெளியே, முகம் வெயிலைப் பார்த்து. செயலாளரும் தம் மட்டையை அதனருகே அதேபோல் வைத்துவிட்டு உணவறைக்குப் போனார்.

அக்காவும் தம்பியும் பெஞ்சுக்குப் பத்தடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலில் இரண்டு முத்திரைகளும் பளபளத்தன. பிறகு ஓரங்கள் இளகின. உள்ளே உணவு எவ்வளவு சுவையாக இருந்ததோ தெரியாது, ஆனால் நீண்ட நேரம் நடந்தது. தம்பியின் முத்திரை மெல்ல நழுவி இறங்கிப் புல்லில் சொட்டியது. பல ஆண்டுப் பழையதாகையால் செயலாளருடையது சற்றுத் தயங்கி, பின்னர் அதுவும் அதன் பின்னே போயிற்று. அக்கா துணியைச் சுற்றி மட்டைகளைத் தூக்கிப் புல்மேல் முகம் கவிழ வைத்தார். மிச்சமிருந்த பிசுக்கைப் புல் துடைத்துக்கொண்டது. புல்லும் இயற்கைதானே.

செயலாளர் வந்தார். சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு, தம்பியின் மட்டையை எடுத்து உருட்டினார். பந்து குழிக்குள் விழுந்தது. அந்த ஒலியை அவர் அந்தப் புல்தரையில் கேட்டு எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்; என்ன ஓசை அது என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். பிறகு தம் மட்டையால் உருட்டினார். அதுவும் விழுந்தது. மூன்று முறை, ஐந்து முறை, ஒன்பது முறை உருட்டினார். உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

“டியூப் அம்மா, நாங்க சாப்பிடப் போன நேரத்துல தரையைச் சரி பண்ணிட்டீங்களே!” என்றார் செயலாளர்.

“நான் தரையைத் தொடவே இல்லைங்க சார். அது எப்பவும் இப்படித்தான்…”

“இந்த அடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது.”

மூன்று நோட்டீஸ்களும் திரும்பப் பெறப்பட்டன. ‘உணவு இடைவேளையில் சாய்வு நீக்கப்பட்டது’ என்று கோப்பில் எழுதினார்கள். செயலாளரின் மட்டை வெயிலில் கிடந்து எழுந்தபின் குறி தவறுவதில்லை என்ற செய்தி பரவி, உறுப்பினர்கள் அனைவரும் சாப்பிடப் போகும்முன் தங்கள் மட்டைகளைக் கருங்கல் பெஞ்சில் கிடத்தத் தொடங்கினார்கள். ஒரு மாதத்தில் கிளப்பில் ஒரு முத்திரைகூட மிஞ்சவில்லை.

கடைசல்காரர் விதியை மதிப்பவர். முத்திரை இயற்கைக் காரணத்தால் நீங்கியதை இருபத்தொன்பதாம் நாள் எழுத்து மூலம் தெரிவித்தார். நிறுவனம் இதைக் கவலையோடு எடுத்துக்கொண்டு, செயல்திறன் பொறியாளரைக் கிளப்புக்கு அனுப்பியது. அவர் மட்டைகளில் முத்திரை இல்லாததைப் பார்த்தார். அது பதிவுப் பிரிவின் பொறுப்பு ஆகையால் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். தாம் துணியில் அதே இரண்டு அங்குலம் இடப்பக்கமாகப் படியெடுத்துச் சுருட்டிக் கொண்டு வந்திருந்த சுவர்க் கோட்டைக் குழிக்குப் பின்னால் விரித்து வைத்து, நாள் முழுக்கப் பந்துகளை உருட்டி அளந்தார். பத்து நாளில் அறிக்கை வந்தது. பந்துகள் யாவும் நேரிலிருந்து இரண்டு அங்குலம் வலப்பக்கம் விலகுகின்றன. மட்டைகள் அங்கீகாரம் பெற்றவை. எனவே புல்தரை வலப்பக்கம் சாய்ந்துள்ளது.

செயலாளர் அக்காவைத் தம் அறைக்கு அழைத்தார். அறிக்கையைப் படித்துக் காட்டினார். அக்காவுக்கு வீட்டுச் சாவி முந்தானை முடிச்சில் கனத்தது.

“படிச்சேன்மா. ரெண்டு அங்குலம் வலது பக்கமாம்.” செயலாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “நேத்து நான் பதினாலு பந்து உருட்டினேன். பதினாலும் உள்ள விழுந்துச்சு. என் வாழ்க்கையில இப்படி நடந்ததில்ல. இந்தச் சாய்வை இனிமே யாரும் தொடக்கூடாது. ஒரு பிடி மணல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதைக் காப்பாத்தறது உங்க பொறுப்பு. நீங்க வேலையில இருக்கற வரைக்கும்.”

எழுத்து மூலமான ஆணையும் தந்தார். அக்கா படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

மறுநாள் விடியலில் வழக்கம்போல் பழைய குழியை மூடினார். புதுக் குழி தோண்டினார். டியூபைப் புல்லின் மேல் விரித்தார். ஆணையைப் பார்க்க வந்திருந்த தம்பி ஒரு முனையைப் பிடித்தார். அசைந்துகொண்டிருந்த தண்ணீர் அடங்கி, இரு பக்கமும் ஒரே உயரத்தில் நின்றது.

“எவ்வளவுக்கா?”

அக்கா இடுப்பிலிருந்த பதிவேட்டை எடுத்தார். சாய்வு என்ற கட்டத்தில், ‘வலப்பக்கம் இரண்டு அங்குலம், மாற்றம் இல்லை’ என்று எழுதினார். பிறகு தண்ணீர் சிந்தாமல் டியூபைச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டார்.